ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூவும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றில், செயலிழந்துபோன கம்பெனி ஈசியூவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை, கழற்றிவிட்டு, லேப்டாப்பை இணைத்து நாமே ட்யூன் செய்துகொள்ளும் வகையிலான ஆஃப்டர்மார்க்கெட் (வண்டிக் கம்பெனி தராத, வெளியில் வாங்கும்) ஈசியூ ஒன்றைப் பொருத்தி ஓராண்டாக ஓட்டி வருகிறேன். எரிபொருள் மேப், இக்னிஷன் டைமிங், ரேடியேட்டர் ஃபேன் கட்டுப்பாடு ஆகியவற்றில் இந்தப் பெட்டி எனக்குப் பெரிய தொல்லை எதுவும் தரவில்லை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும், மூன்றே வயர் கொண்ட ஒரு சிறு சென்சாரை, அதாவது த்ராட்டில் பொசிஷன் சென்சாரை, இந்த ஈசியூ எப்படிக் கையாளுகிறது, அதில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்க எவ்வளவு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். கடந்த ஓராண்டில் இந்த வண்டிக்காக நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி இந்தச் சென்சாருக்கே போனது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே தரத்தில் கிடைக்கும் எந்தப் பெட்டியை வாங்கினாலும் கீழே சொல்லும் சோதனைகள் பொருந்தும்.

சென்சாரின் வேலை எளிமையானது. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதைப் போன்ற ஒரு கார்பன் தடம், அதன் மேல் த்ராட்டில் தண்டோடு சேர்ந்து நகரும் ஒரு தொடுமுனை, அதாவது வைப்பர். தடத்தின் ஒரு முனைக்கு ஈசியூவிலிருந்து 5 வோல்ட், மறுமுனைக்கு எர்த், வைப்பரிலிருந்து சிக்னல். த்ராட்டில் மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட்டும், முழுவதும் திறந்திருக்கும்போது சுமார் 4.5 வோல்ட்டும் வரும். ஈசியூ அந்த மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டு, காலிபரேஷனின்போது நாம் பதிந்து வைத்த, முழுதாக மூடிய நிலை, முழுதாகத் திறந்த நிலை என்ற இரண்டு எல்லைகளுக்கு இடையே அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதைச் சதவீதமாகத் திரையில் காட்டுகிறது. மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்து எரிபொருளைக் கணக்கிடும் அமைப்பிலேயே ஐடில் (பெடலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கட்டுப்பாடு, பெடலை மிதித்தவுடன் தரவேண்டிய கூடுதல் பெட்ரோல், பெடலை விட்டதும் பெட்ரோலை நிறுத்துவது, பெட்ரோலில் நனைந்துபோன எஞ்சினை உலர்த்தும் ஃப்ளட் கிளியர் ஆகிய நான்கும் இந்தச் சதவீதத்தை நம்பித்தான் நடக்கின்றன. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்து, த்ராட்டில் திறப்பையும் எஞ்சின் வேகத்தையும் கொண்டே எரிபொருளைக் கணக்கிடும் ஆல்ஃபா-என் முறையில் ஓட்டுபவர்களுக்கோ எரிபொருள் கணக்கே இதுதான். அங்கே சிறு திறப்பில் ஒரு சதவீதப் பிழைகூட எஞ்சினைத் தடுமாற வைக்கும்.

முதலில் இந்தப் பெட்டிக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். பொருத்திய முதல் நாளே நான் ஒரு தவறு செய்தேன்: சென்சார் கனெக்டரின் பின் வரிசையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டதால், எர்த் வயரும் சிக்னல் வயரும் இடம் மாறிவிட்டன. அப்படி மாறினால் எர்த் வைப்பருக்குப் போய்விடும். சிக்னல் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். த்ராட்டிலைத் திறக்கத் திறக்க வைப்பர் 5 வோல்ட் முனையை நெருங்கி, கடைசியில் அந்த 5 வோல்ட்டை ஏறக்குறைய நேராக எர்த்தோடு சேர்த்துவிடும். பெடலை முழுவதும் அழுத்தியபோது த்ராட்டில் எண் அசையாமல் இருக்க, அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மேனிஃபோல்டு அழுத்த எண் சரிந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சாவியை உடனே அணைத்து வயர்களை மாற்றினேன். ஈசியூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் வழியில் மின்னோட்டக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அது வேலை செய்கிறது. இருந்தாலும் கனெக்டரை மாட்டுவதற்கு முன் ஓம் மீட்டரால் மூன்று பின்களையும் அளந்து, எந்த இரண்டுக்கு இடையே த்ராட்டிலை அசைத்தாலும் மதிப்பு மாறாமல் இருக்கிறதோ அவையே தடத்தின் இரு முனைகள், மீதமுள்ளது வைப்பர் என்று உறுதிசெய்துகொள்வது ஐந்து நிமிட வேலைதான்.

நான்கு மாதம் கழித்து முதல் கோளாறு வந்தது. நெரிசலில் நிற்கும்போது ஐடில் 850-க்கு இறங்காமல் 1400 ஆர்.பி.எம்-இல் தொங்கி நிற்கும். சில நேரம் தானாக இறங்கிவிடும், சில நேரம் சாவியை அணைத்தால்தான் தீரும். லேப்டாப்பில் பார்த்தால் பெடலில் கால் இல்லாதபோதும் த்ராட்டில் 3 அல்லது 4 சதவீதம் என்று காட்டியது. இந்த ஈசியூவில் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஐடில் கட்டுப்பாடு தொடங்கும் என்று அமைத்திருந்தேன். ஆகவே கால் இன்னும் பெடலில்தான் இருக்கிறது என்று ஈசியூ நம்பிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: "மறுபடியும் காலிபரேட் செய்யுங்கள்."

செய்தேன். எஞ்சின் சூடாக, ஃபேன் ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே, மூடிய நிலைக்கான பொத்தானை அழுத்திப் பதிந்தேன். அன்று மாலை வரை ஐடில் அருமையாக நின்றது. மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில், புதிய வியாதி தொடங்கியது: பெடலை லேசாகத் தொட்டதும் எஞ்சின் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு கணம் அமுங்கி, அதன் பிறகே எழும்பியது. ஒரு கோளாறை மூடி வைத்து இன்னொன்றை நானே உண்டாக்கிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிய வைத்தது இந்த ஈசியூவின் மிகச் சிறந்த வசதியாக நான் கருதும் ஒன்று. அதையே அவர்கள் மெனுவின் ஆழத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள முதல் குறை.

முகப்புத் திரையில் சதவீதம் மட்டுமே தெரியும். ஆனால் லாக் செய்யவேண்டிய, அதாவது ஓட்டும்போது தொடர்ந்து பதியவேண்டிய, விவரங்களின் பட்டியலைத் திறந்து மிகக் கீழே போனால், சென்சாரிலிருந்து வந்த மூல எண்ணையும், அதாவது 0 முதல் 1023 வரையிலான அந்த எண்ணையும், லாகில் சேர்க்க முடியும். சதவீதம் என்பது நாம் பதிந்த எல்லைகளை வைத்து ஈசியூ செய்த கணக்கு. எல்லையைத் தவறாகப் பதிந்தால் சதவீதமும் தவறும், அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மூல எண் சென்சாரிலிருந்து வந்தது வந்தபடி. முதல் நாள் பொருத்தியபோது நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: மூடிய நிலையில் 102, முழுத் திறப்பில் 900. இப்போது எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் அதே 102. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 108. ஹெட்லைட்டைப் போட்டதும் 117. ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கியதும் 130. த்ராட்டில் தண்டு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. 130-க்கும் 102-க்கும் இடையே உள்ள 28 எண்களை மொத்த வீச்சான 798-ஆல் வகுத்தால் 3.5 சதவீதம், திரையில் தொங்கிக்கொண்டிருந்த சதவீதம் அதுதான். 130-ஐ மூடிய நிலையாகப் பதிந்துவிட்டதால், மறுநாள் காலை, ஃபேன் ஓடாதபோது 108-இல் தொடங்கிய த்ராட்டில் 130-ஐத் தாண்டும் வரை ஈசியூவுக்குப் பூஜ்யமாகவே தெரிந்தது. பெடலின் முதல் தொடுகைக்குக் கிடைக்கவேண்டிய கூடுதல் பெட்ரோல் கிடைக்காமல் போனது இப்படித்தான்.

மின்சுமை ஏறும்போது எண் ஏறுகிறது என்றால் சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கறுப்புக் கம்பியை ஈசியூவின் சென்சார் எர்த் பின்னிலும், சிவப்புக் கம்பியைச் சென்சார் கனெக்டரின் எர்த் பின்னிலும் பின்பக்கமாகச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு ஃபேனையும் லைட்டையும் போட்டேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில் 0.15 வோல்ட். காரணம் ஈசியூவோடு வந்த வயரிங் படத்திலேயே இருந்தது: த்ராட்டில் சென்சாரின் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் இணைக்குமாறு அதில் வரைந்திருந்தார்கள், நானும் அப்படியே செய்திருந்தேன். ஃபேன், லைட், இக்னிஷன் காயில் எல்லாவற்றின் மின்னோட்டமும் திரும்பி ஓடும் பிளாக்கும், ஈசியூவுக்குள் இருக்கும் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் சென்சாரின் கீழ்முனையை உயர்த்தி, சிக்னலோடு சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

பலரும் இந்த இடத்தில் 5 வோல்ட் சரியாக 5 ஆக இருக்கிறதா என்பதைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் வண்டியில் அது 4.97 ஆகத்தான் இருந்தது, அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சென்சாருக்குக் கொடுக்கும் அதே 5 வோல்ட்டையே அளவுகோலாகக் கொண்டு ஈசியூ அளக்கும்படி அமைத்திருப்பதால், அது சற்றுக் குறைந்தாலும் சிக்னலும் அளவுகோலும் சேர்ந்தே குறைந்து, எண் மாறாமல் நிற்கும். எர்த் உயர்வுக்கு அப்படிப்பட்ட ஈடு எதுவும் கிடையாது. ஆகவே இரண்டு எர்த் பின்களுக்கு இடையிலான அந்த ஒரு அளவைத்தான் நான் முதல் சோதனையாக வைப்பேன், 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேறெதையும் தொடுவதற்கு முன் வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

பிளாக்கில் இருந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, சென்சார் கனெக்டரிலிருந்து ஈசியூவின் சென்சார் எர்த் பின் வரை தனி வயர் இழுத்து, வழியில் பாடியையோ எஞ்சினையோ எங்கும் தொடாதபடி கொண்டுபோனேன். வெப்பநிலை சென்சார்களின் எர்த்தையும் அதே வயரோடு சேர்த்தேன். அதன் பிறகு ஃபேன் ஓடினாலும் லைட் எரிந்தாலும் எண் 102, 103 என்று நிற்கிறது. பழைய எல்லைகளை மறுபடியும் பதிந்தேன், ஐடில் தொங்குவதும் காலை நேர அமுக்கமும் ஒன்றாக மறைந்தன. வயரிங் படத்தில் உள்ள பிழையைத் தயாரிப்பாளருக்கு அளவுகளோடு எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் எழுதினார்கள். எட்டு மாதம் ஆகிறது, தரவிறக்கப் பக்கத்தில் இன்றும் அதே படம்தான் இருக்கிறது. புதிதாக வாங்கும் ஒருவர் அந்தப் படத்தை நம்பித்தான் வயர் இழுப்பார் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது கோளாறு வேறு வகை. ஒரே வேகத்தில், கால் அசையாமல் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. மேடு ஏறும்போது இல்லை, வேகமாகப் போகும்போதும் இல்லை. பெடல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்து கறுத்திருந்தது. லேப்டாப் லாகில் ஒன்றுமே தெரியவில்லை, கோடு நேராக இருந்தது. லேப்டாப் வழியாகச் செய்யும் லாக் நொடிக்கு 15 முறைதான் பதிகிறது என்பதையும், அந்தப் பதிவுகளுக்கு நடுவே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது என்பதையும் நான் மறந்திருந்தேன். இந்த ஈசியூவுக்குள்ளேயே மெமரி கார்டில் நொடிக்கு 500 முறை பதியும் வசதி இருக்கிறது. அதை இயக்கி ஓட்டிப் பார்த்ததும் படம் தெளிவானது: 16 சதவீதத்துக்கு அருகே கோடு சட்டென்று 8 சதவீதம் கீழே விழுந்து, 10 மில்லி நொடியில் மேலே திரும்பியது.

அந்தத் திரும்புதல்தான் பெட்ரோலைக் கொட்ட வைத்தது. 10 மில்லி நொடியில் 8 சதவீதம் என்பது நொடிக்கு 800 சதவீத வேகம். நொடிக்கு 70 சதவீதத்தைத் தாண்டினாலே பெடலை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தரும்படி நான் அமைத்திருந்தேன். கார்பன் தடத்தின் மேல் வைப்பர் மிக அதிகமாகத் தங்கி நிற்கும் இடம் ஐடிலை ஒட்டிய பகுதியும், சீராக ஓட்டும்போது கால் நிற்கும் பகுதியுமே. எஞ்சின் அதிர்வில் அங்கே தடம் தேய்ந்துபோய், வைப்பர் கணநேரம் தொடர்பை இழக்கிறது. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, ஆஸிலோஸ்கோப்பை சிக்னல் வயரில் மாட்டி த்ராட்டிலை மெதுவாகத் திறந்தபோதும் அதே இடத்தில் அதே பள்ளம் தெரிந்தது. ஸ்கோப் இல்லாதவர்கள் முள் வைத்த பழைய வகை மல்டிமீட்டரைப் பயன்படுத்தலாம். டிஜிட்டல் மீட்டர் சராசரியைக் காட்டி மறைத்துவிடும் சில துள்ளல்களில் முள் ஒரு நடுக்கத்தைக் காட்டும். கனெக்டரின் அடியில் விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். தட்டும்போது கோடு துள்ளினால் கோளாறு பின்னிலோ, வயரை நசுக்கிப் பிடிக்கும் க்ரிம்பிலோ இருக்கலாம். தட்டுவதற்கு அசையாமல், தண்டு ஒரே கோணத்தைக் கடக்கும்போது மட்டும் துள்ளினால் அது தடம்தான்.

இந்தக் கோளாறுக்கும் மென்பொருளில் ஒரு மறைப்பு மருந்து உண்டு. த்ராட்டில் சிக்னலைச் சமன்படுத்தும் ஃபில்டரைக் கூட்டினால் வெட்டி இழுப்பது நின்றுவிடுகிறது. நானும் ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். ஆனால் உண்மையான கால் அசைவும் அதே ஃபில்டரில் மழுங்கிப்போய், பெடலை மிதித்தால் எஞ்சின் சோம்பலாக எழும்பியது. தேய்ந்த சென்சாரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. காந்தத்தை வைத்து அளக்கும், உரசல் இல்லாத ஹால் வகை சென்சார் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன், ஃபில்டரைப் பழைய அளவுக்கே குறைத்தேன். ஹால் வகையை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. மின்சாரம் கொடுத்து வோல்ட் அளவில் மட்டுமே பார்க்க வேண்டும். தண்டின் வடிவமும் சுழலும் திசையும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தந்த குறை மூன்றாவதாக நான் வேண்டுமென்றே செய்து பார்த்த சோதனையில் வெளிப்பட்டது. பழைய, தடம் கொண்ட சென்சாரை மறுபடி மாட்டி, அதன் எர்த் வயரை மட்டும் கழற்றிவிட்டேன். எர்த் அறுந்தால் சிக்னல் முழுதாக 5 வோல்ட்டுக்கு ஏறும். ஈசியூ அதை 100 சதவீதம் என்று படிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பெடல் முழுவதும் மிதிபட்டிருந்தால் அது ஃப்ளட் கிளியர் என்பதால் இன்ஜெக்டரைத் திறக்காது. எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஸ்பார்க் வந்தது, பெட்ரோல் மட்டும் வரவில்லை. சாலையோரம் நிற்கும் ஒருவர் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் ரிலேயையும்தான் சந்தேகிப்பார்; திரையிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஓபிடி-2 என்ற பொதுவான கோளாறு கண்டறியும் முறையிலான கம்பெனி ஈசியூவாக இருந்தால், சிக்னல் எல்லைக்கு மேலே போனதற்கு பி0123 என்றும், கீழே போனதற்கு பி0122 என்றும் கோளாறுக் குறியீடு பதிந்து விளக்கை எரியவிட்டிருக்கும்.

இந்தப் பெட்டியிலும் அந்த வசதி இல்லாமல் இல்லை. மேல் எல்லை, கீழ் எல்லை, மீறினால் எடுத்துக்கொள்ளவேண்டிய மாற்று மதிப்பு ஆகிய மூன்றையும் தரலாம். ஆனால் வாங்கும்போது அது அணைந்த நிலையில் வருகிறது, கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே 40, மேலே 980 என்று வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். எஞ்சின் உடனே பிடித்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது, முடுக்கம் சுமாராக இருந்தாலும் வீடு போய்ச் சேரலாம் என்ற நிலையில் ஓடியது. காலிபரேஷன் திரையிலும் இதே அலட்சியம் இருக்கிறது. கேபிள் கழன்றிருந்த ஒரு நாள் மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் இடையே வெறும் 60 எண்கள் வித்தியாசத்தோடு பதிந்துவிட்டேன். மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

சென்சாரையே குற்றம் சொல்வதற்கு முன் பார்க்கவேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. ஐடில் உயர்ந்து நிற்க இன்டேக் கேஸ்கட் கசிவோ, இறுக்கமான கேபிளோ, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரோ திருகி வைத்ததோ காரணமாக இருக்கலாம். அப்போது மூல எண் மூடிய அளவிலேயே நிற்கும் அல்லது தட்டு உண்மையாகவே திறந்திருக்கும். பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை காலத்து எஞ்சின்கள் பலவற்றில் த்ராட்டில் தண்டில் இருப்பது சென்சாரே அல்ல, ஐடிலுக்கு ஒன்றும் முழுத் திறப்புக்கு ஒன்றுமாக இரண்டு தொடர்புகள் மட்டும் கொண்ட சுவிட்ச். அதற்கும் மூன்று பின்தான் இருக்கும் என்பதால் ஏமாறுவது எளிது. எலெக்ட்ரானிக் த்ராட்டில் கொண்ட வண்டிகளில் இரண்டு சிக்னல்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்பதால் அது தனிக் கதை, இந்தப் பெட்டி அதை ஆதரிக்கவும் இல்லை.

மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும், லாகை நிதானமாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் இந்த ஈசியூவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூல எண்ணை லாக் செய்யும் வசதியும், நொடிக்கு 500 முறை பதியும் உள் லாகும், தவறான வயரிங்கைத் தாங்கிய 5 வோல்ட் வழியும் இருப்பதால்தான் இரண்டு கோளாறுகளையும் யூகத்தில் பாகங்களை மாற்றாமல் கண்டுபிடிக்க முடிந்தது. காலையில் வந்த வண்டியை மாலைக்குள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கவேண்டிய ஒர்க்‌ஷாப்களுக்கு, வயரிங் படம் திருத்தப்படும் வரையிலாவது, இதைப் பரிந்துரைக்கமாட்டேன். வாங்குபவர்கள் முதல் நாளே மூல எண்ணை முகப்புத் திரைக்குக் கொண்டுவந்து, மூடிய எண்ணையும் திறந்த எண்ணையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டு, மேல் கீழ் எல்லைகளை இயக்கிவிடுங்கள். என் நோட்டில் புதிய சென்சாருக்கு எழுதியிருப்பது 104, 912. ஐந்து மாதமாகிறது, நேற்று மாலை ஃபேன் ஓடும்போது பார்த்தேன், 104 என்றுதான் காட்டியது.